முதல் சூடு குப்பைக்கு

ஆமை மேடம் ஓடிப் பார்த்தவர்கள் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் குறைவு. பார்த்தவர்களும் கரண்ட் போனபோதுதான் பார்த்திருக்கிறார்கள். விளக்கு அணைந்ததும் மற்றவர்கள், டீ குடிக்க ஒரு சாக்குக் கிடைத்ததென்று எழுந்திருப்பார்கள். மேடம் மட்டும் செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல் வராந்தாவில் ஓடுவார். வராந்தாவின் கோடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு ஒரு ஹீட்டர், தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க ஒரு விசிறி, கரண்ட் போனால் இரண்டையும் தாங்கிப் பிடிக்க ஒரு பேட்டரி, அந்தப் பேட்டரி படுத்துவிட்டால் அதைத் தாங்க இன்னொரு பேட்டரி. வெளியே மழை அடித்தாலும் வெயில் கொளுத்தினாலும் தொட்டித் தண்ணீரின் சூடு ஒரு நூல்கூட ஏறி இறங்கக் கூடாது. பதினெட்டு வருஷமாக ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இத்தனை ராஜ உபசாரமும் யாருக்கு என்றால், வெள்ளைப் பசை செய்கிற பாலிமருக்கு. அதிலேயே சுத்தமான ரகம். நிறமில்லாத, கடுகைவிடச் சற்றே பெரிய துண்டுகள். ஒவ்வொன்றும் வாய் மூடிய ஒரு கண்ணாடிக் குப்பிக்குள். மேடத்தின் மாமியார் ஒருமுறை கேட்டார்: இவ்வளவு படிச்சு, இவ்வளவு சம்பளம் வாங்கி, கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கிற பசையையா காவல் காக்கிறாய்? மேடம் ஆமாம் என்று சொல்லிவிட்டார். விளக்கப் போனால் சாப்பாடு ஆறிவிடும்.

நாம் விளக்கிவிடலாம், பெரிய விஷயமில்லை. சில திரவங்களைக் குளிர வைத்தால் அவற்றின் மூலக்கூறுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையில் போய் நின்றுகொள்ளும். சில திரவங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இந்தப் பாலிமர் அந்த ரகம். நீள நீளமான சங்கிலிகள், ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டு, குளிர்ந்ததும் நின்ற நிலையிலேயே மாட்டிக்கொண்டுவிடும். நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலைத் தூக்கியவன் அதைக் கீழே வைக்க இடமில்லாமல் நிற்பானே, அப்படி. இதைத்தான் கண்ணாடி நிலை என்கிறார்கள். தொட்டால் கல், உள்ளே, உட்கார இடம் தேடும் கூட்டம்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். அந்தக் கூட்டமும் நகரும், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில். ஒருவர் பையை மடியில் வைப்பார், இன்னொருவர் தோளைக் குறுக்குவார், கொஞ்சம் கொஞ்சமாக ஆள் ஆளுக்கு அமர்வார்கள். எவ்வளவு அமர்ந்திருக்கிறது என்று கேட்க ஒரு வழி உண்டு: துண்டைச் சூடாக்குவது. நன்றாக உட்கார்ந்துவிட்ட கூட்டத்தை எழுப்பக் கூடுதலாகச் சூடு தேவைப்படும். கலோரிமீட்டர் என்கிற மெஷினின் திரையில் அது ஒரு மேடாக எழும்பி இறங்கும். துண்டுக்கு வயது ஏற ஏற மேடும் உயரும்.

தொல்லை இதுதான். சூடாக்கியதும் கூட்டம் கலைந்துவிடும். மறுபடி குளிர வைத்தால் துண்டு நேற்றுப் பிறந்த குழந்தை. பழைய வயது போனது போனதுதான். ஒரு கோப்பைச் சூடான டீக்குள் விழுந்தால் போதும், பதினெட்டு வருஷமும் காலி. ஆகவே ஒரு துண்டிடம் ஒரு தடவைதான் கேள்வி கேட்க முடியும்.

இந்தக் கேள்வியில்தான் ஆமை மேடத்துக்கும் எதிர்க்கட்சிக்கும் சண்டை.

எதிர்க்கட்சி என்பவர் மேடத்தோடு ஒரே மேஜையில் ஆராய்ச்சி செய்தவர். ஆமை என்ற பெயரை வைத்தவரும் அவர்தான். பதிலுக்கு மேடம் வைத்த பெயர் எதிர்க்கட்சி. இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன. இப்போது அவர் வேறு ஊரில், வேறு கல்லூரியில், பெரிய நாற்காலியில் இருக்கிறார். அந்தத் துண்டுகளை ஒரே பாத்திரத்தில் உருக்கி, வெட்டி, குப்பியில் அடைத்தது இருவருமாகத்தான். சில வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு துண்டு வெளியே வரும், மெஷினில் ஏறும், மேடு உயர்ந்திருக்கும், இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதுவார்கள். கடைசியாக அளந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையில்தான் மேடு அவ்வளவாக உயரவில்லை. உட்கார்ந்தாயிற்று, பஸ்ஸில் இனி இடமில்லை, கதை முடிந்தது என்றார் எதிர்க்கட்சி. இல்லை, இன்னும் உட்காரும், நமக்குத்தான் பொறுமையில்லை என்றார் மேடம். அன்றோடு கட்டுரைகள் தனித்தனியாயின. கண்ணாடி ஒருநாளும் முழுக்க அடங்காது என்று மேடம் போகிற இடமெல்லாம் பேசினார். புத்தகத்தில் அத்தியாயம் எழுதினார். அவரைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தால்தான் தெரியும்.

இப்போது தொட்டியில் ஒரே ஒரு துண்டு மிச்சம். அதன் மேடு போன தடவையைத் தாண்டினால் மேடம் சொன்னது சரி. தாண்டாவிட்டால் எதிர்க்கட்சி சொன்னது சரி. இன்னொரு துண்டு வேண்டுமென்றால் இன்னும் பதினெட்டு வருஷம் காக்க வேண்டும். மேடத்தின் வேலையில் அதில் கால்வாசிகூட மிச்சமில்லை. வாரக் கடைசியில் கருத்தரங்கு. எதிர்க்கட்சி வருகிறார். முடிவை அங்கே சொல்வதாக மேடம் கடிதமும் போட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நாத்தனார் வருகிறாள்.

மேடத்தின் கணவருடைய தங்கை. கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம் சிரித்துச் சிரித்தே திருப்பி அனுப்பிவிட்டு அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள். கலோரிமீட்டரை ஓட்டுகிற வேலை அவளுக்கு. அண்ணியின் சிபாரிசில் கிடைத்தது என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள், அவள் கை சுத்தத்தைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டார்கள். துண்டை எடை போட்டு, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, மூடி போட்டு நசுக்கி, மெஷினுக்குள் இறக்குவாள். ஒரு கிண்ணம்கூடச் சாய்ந்ததில்லை.

அவளிடம் ஒரே ஒரு குறை. வாயைத் திறந்தால் சமாதானம். அண்ணன் வேலையை விட்டதிலிருந்து வீட்டில் அவர்தான் சமையல். அவருக்கு உப்புப் போட மட்டும் கை வராது. அம்மா முகத்தைச் சுளிப்பாள், மேடம் மௌனமாக விழுங்குவார், நாத்தனார் மட்டும், "பிரமாதம் அண்ணா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி தலைமுடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிக்கொண்டு வந்தால், பத்து வயசு குறைந்தாற்போல இருக்கிறது என்பாள். அம்மா மூக்கால் பாடினால் இன்னொன்று பாடச் சொல்வாள். யார் மனசும் நோகாது; யாருக்கும் உண்மையும் கிடைக்காது. அவளிடம் அபிப்பிராயம் கேட்பதும் தன் நிழலிடம் வழி கேட்பதும் ஒன்று என்பது மேடத்தின் முடிவு.

மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேடத்தின் கையெழுத்து. "முதல் சூடு குப்பைக்கு. இரண்டாம் சூடு கணக்குக்கு."

காரணம் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிற பிளாஸ்டிக் எதுவும் வெறுங்கையோடு வருவதில்லை. அச்சில் நசுங்கியிருக்கும், லாரியில் வெயிலில் கிடந்திருக்கும், மாணவன் சட்டைப்பையில் ஒரு வாரம் இருந்திருக்கும். முதல் தடவை சூடாக்கும்போது அந்தப் பழங்கதையெல்லாம் கோடாக வந்து குழப்பும். அதைத் துடைத்துவிட்டு, குளிர வைத்து, இரண்டாம் தடவை சூடாக்கினால்தான் பொருளின் சொந்த குணம் தெரியும். உலகமெங்கும் இதுதான் வழக்கம். ஒரு மாணவி இது தெரியாமல் முதல் சூட்டின் கோட்டை வைத்து ஆய்வேடு முழுவதையும் எழுதிவிட்டாள். அதிலிருந்து மேடம் மெஷினின் புரோகிராமையே மாற்றச் சொல்லிவிட்டார். முதல் சூடு திரையில் ஓடும், ஆனால் பதிவாகாது. பதிவானால்தானே யாராவது எடுத்து எழுதுவார்கள்?

நாத்தனாருக்கு மட்டும் முதல் சூடுதான் பிடிக்கும். இரண்டாம் சூடுகள் எல்லாம் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி, ஒன்றுபோல மூஞ்சியை வைத்துக்கொண்டு வரும் என்பாள். முதல் சூட்டில்தான் வம்பு இருக்கிறது. யாருக்கும் வேண்டாத அந்தக் கோட்டை, மத்தியானத் தொடர் பார்ப்பதுபோல, கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை மாமியாருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. நாத்தனாரை அழைத்துப் போகச் சொன்னதே மேடம்தான். கடைசித் துண்டை யாரிடமும் சொல்லாமல், யாரும் பக்கத்தில் இல்லாமல், தன் கையாலேயே மெஷினில் ஏற்ற வேண்டும் என்று ஆசை. ஏற்றவும் செய்தார். குப்பியை உடைத்து, துண்டை எடை போட்டு, கிண்ணத்தில் வைத்து மூடினார். முதல் சூட்டைப் பதிவு செய்யும்படி புரோகிராமை மாற்றினார். மெஷின் நிலைக்கு வர ஒரு மணி நேரமாகும். அதற்குள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கருத்தரங்குக்கு வருகிறவர்களை எங்கே தங்க வைப்பது, எதிர்க்கட்சிக்கு மாடியறையா கீழறையா என்று பேச்சு. திரும்பி வந்து பொத்தானை அழுத்திக்கொள்ளலாம் என்று மேடம் போனார். இயக்குநர் எதையும் சுருக்கமாகப் பேசிப் பழகாதவர்.

கண் டாக்டர் வரவில்லை. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டு நாத்தனார் வேலைக்கு வந்துவிட்டாள். மெஷினில் ஒரு கிண்ணம் காத்திருந்தது. அதன்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. பொத்தானில் பாதியளவு கிண்ணத்தில் என்ன எழுதுவது? புரோகிராமைப் பார்த்தாள். முதல் சூடு பதிவு என்று இருந்தது. மாணவர்கள் யாரோ மறுபடியும் கைவைத்துவிட்டார்கள், அண்ணி பார்த்தால் உரித்துவிடுவார் என்று நினைத்து, சுவரில் இருக்கிறபடி திருத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

மேடம் திரும்பி வந்தபோது திரையில் ஒரு கோடு இருந்தது. ஒரு சின்னப் படி ஏறி, அதன்பின் சமதளம். மேடு இல்லை, பள்ளம் இல்லை. பிறந்த குழந்தையின் நெற்றிபோல இருந்தது. நாத்தனார் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது ரெண்டாவதா?" என்றார் மேடம்.

"ஆமாங்க அண்ணி."

"முதல்?"

நாத்தனார் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள்.

மேடமும் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரைத் திட்டுவது என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர் பூசாரியைத் திட்ட முடியுமா? நாத்தனார் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் வராதது, புரோகிராமைத் திருத்தியது, கோடு பாதி வழியில் எழும்ப ஆரம்பித்ததும் இது மாணவர்களின் துண்டு இல்லை என்று புரிந்தது, எல்லாம். மெஷினை நிறுத்தியிருக்கலாமே என்று மேடம் கேட்கவில்லை. நடுவில் நிறுத்தினாலும் போனது போனதுதான். கூட்டம் பாதி எழுந்த பிறகு உட்காரச் சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரரை வரவழைத்தார்கள். அவர் கறுப்புத் திரையில் என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, எழுதி அழித்ததென்றால் தோண்டி எடுத்துவிடலாம், இது எழுதவே இல்லையே, எதைத் தோண்டுவது என்று கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் மேடம் ஜன்னல் இல்லாத அறைக்குப் போனார். தொட்டியின் சுவிட்சை அணைத்தார். பிறகு பேட்டரியை. பிறகு அந்தப் பேட்டரிக்கான பேட்டரியை. விசிறி நின்றது. அந்த அறையில் அப்படி ஒரு நிசப்தத்தை அவர் கேட்டதே இல்லை. காதில் ஏதோ கோளாறென்றுகூட ஒரு கணம் நினைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். அழவில்லை. கருத்தரங்கில் என்ன சொல்வதென்று மனசுக்குள் எழுதிப் பார்த்தார். துண்டு வீணாகிவிட்டது, ஆகவே கேள்வி திறந்தே இருக்கிறது. உண்மைதான். சௌகரியமான உண்மையும்கூட. அவர் சொன்னது தப்பென்று இனி யாரும் நிரூபிக்க முடியாது. ஓய்வு பெறுகிறவரைக்கும் கண்ணாடி அடங்காது என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். நினைத்தபோது நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பல்லில் மாட்டின நார்போல இருந்தது.

நாத்தனார் டீயோடு வந்தாள்.

அப்போதுதான் மேடத்துக்கு அது உறைத்தது. முதல் சூடு பதிவாகவில்லை. ஆனால் திரையில் ஓடியது. திரைக்கு எதிரே ஒருத்தி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையின் விளிம்பில் ஒரு துண்டுப் பச்சை டேப் உண்டு. போன தடவை மேடு எந்த உயரத்தைத் தொட்டதோ அங்கே மேடம் கையாலேயே ஒட்டியது. எடை எவ்வளவாக இருந்தாலும் மெஷினே கணக்குப் போட்டுச் சமப்படுத்திவிடும். திரையின் அளவை யாரும் மாற்றக் கூடாது என்பதும் விதி. ஆக, மேடு டேப்பைத் தாண்டியதா இல்லையா என்று பார்த்த கண்ணுக்குத் தெரிந்திருக்கும். உலகத்தில் ஒரே ஒரு ஜோடிக் கண்ணுக்கு.

அந்த ஜோடிக் கண் இவளுடையதாகவா இருக்க வேண்டும்?

கேட்டால் என்ன சொல்வாள் என்று மேடத்துக்குத் தெரியும். தாண்டிவிட்டது அண்ணி, ஏகத்துக்கும் தாண்டிவிட்டது என்பாள். உப்பில்லாத சாப்பாட்டைப் பிரமாதம் என்கிற அதே குரலில் சொல்வாள். அது நிஜமா, ஆறுதலா என்று எந்த மெஷினிலும் போட்டுப் பார்க்க முடியாது. அதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம். மேடம் டீயை வாங்கிக்கொண்டார். கோப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"மேட்டைப் பார்த்தியா?"

"டீ ஆறுது அண்ணி."

"போன் எங்க இருந்துச்சு?"

"வெளியில, அலமாரியில. மெஷின் ரூமுக்குள்ள போன் கூடாதுன்னு நீங்கதானே..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள். "ஓடிப்போய் எடுத்துட்டு வரலாமான்னு தோணுச்சு அண்ணி. மேடு நிக்கிறதே ஒரு நிமிஷமோ என்னமோ. நான் போய்ட்டு வர்றதுக்குள்ள யாருமே பார்க்காம இறங்கிடும். அதான் அசையாம உட்கார்ந்து பார்த்தேன். வேற என்ன செய்றதுன்னு தெரியல."

மேடம் கோப்பையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார்.

"டேப்பைத் தொட்டுச்சு," என்றாள் நாத்தனார். "தாண்டல."

"கொஞ்சம்கூட?"

"ஒரு நூல்கூட இல்ல அண்ணி. வந்து தொட்டுச்சு, இறங்கிடுச்சு."

மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இந்த முகம் தனக்குப் பிடிக்காத ஒரு வார்த்தையைச் சொல்லி அவர் கேட்டதில்லை. சொல்லத் தெரியாது என்றே நினைத்திருந்தார். தாண்டிவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார், தாண்டவில்லை என்கிறாள். நம்பாமல் இருக்க ஒரு வழியும் தென்படவில்லை. டீயை மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, தொட்டியிலிருந்து தண்ணீரை இறைக்க யாரையாவது அனுப்பச் சொன்னார்.

கருத்தரங்கு அன்று அரங்கு நிறைந்திருந்தது. எதிர்க்கட்சி முன்வரிசையில், தொப்பைமேல் கைகோத்து உட்கார்ந்திருந்தார். மேடம் மேடையேறி, படம் எதுவும் போடாமல், இரண்டு விஷயம் சொன்னார். கடைசித் துண்டு வழக்கமான புரோகிராமில் ஓடிவிட்டது, பதிவு இல்லை. இது ஒன்று. இரண்டாவது, கண்ணாடி ஒருநாளும் அடங்காது என்று தான் இதுவரை சொல்லிவந்ததை இனிச் சொல்லப்போவதில்லை. அது அடங்கிவிட்டது என்றே இப்போது நினைக்கிறேன் என்றார்.

அரங்கில் ஒரு சலசலப்பு. பின்வரிசையில் யாரோ, பதிவே இல்லாமல் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். பார்த்தவர் சொன்னார் என்றார் மேடம். சிலர் சிரித்தார்கள். விஞ்ஞானக் கருத்தரங்கில் கேட்கிற பேச்சா அது?

எழுந்தவர் எதிர்க்கட்சி. எல்லோரும் கைகொடுக்கத்தான் போகிறார் என்று பார்த்தார்கள். அவரோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சண்டைக்கு வந்தார். ஒருவர் கண்ணால் பார்த்தேன் என்றால் அது அளவு ஆகுமா? பிழை எவ்வளவு? டேப்பின் தடிமன் எவ்வளவு? பார்த்தவர் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தார்? இதையெல்லாம் ஆதாரமாக ஏற்க முடியாது, கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது, கண்ணாடி அடங்காமலும் இருக்கலாம் என்று மேஜையைத் தட்டிச் சொன்னார். மேடம் விடவில்லை. அடங்கிவிட்டது என்று சாதித்தார். பல வருஷமாக ஒருவர் பேசியதை இன்னொருவர் பிடுங்கிக்கொண்டு, அதே சூட்டோடு இருவரும் மோதினார்கள். பழைய ஆட்களுக்கு மட்டும்தான் வேடிக்கை புரிந்தது. எந்தப் பக்கம் நின்றாலும் எதிர்க்கட்சி எதிர்க்கட்சிதான்.

இடைவேளையில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு நேரே நாத்தனாரிடம் போனார். மேடமும் கூடப் போனார்.

"நீங்கதான் பார்த்தவங்களா?"

"ஆமாங்க."

"தாண்டிச்சுன்னு சொல்லியிருந்தா இவளுக்குச் சந்தோஷம். என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"நீங்க யார் மனசும் நோகப் பேச மாட்டீங்கன்னு அந்தக் காலத்துலயே ஆமை சொல்லும். அப்புறம் ஏன் சொல்லல?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்தாள். "சாப்பாடு நல்லா இருக்குன்னு பொய் சொன்னா ஒண்ணும் குடி முழுகிடாதுங்க. நாளைக்கு வேற சமையல் வரும். இதுக்கு வேற துண்டு இல்லையே."

எதிர்க்கட்சி மெல்லுவதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு டேப்பின் தடிமனைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை.

கிளம்பும்போது வாசல்வரைக்கும் மேடம் போனார். கார் வரத் தாமதமானது.

"இதை நான் எழுத முடியாது, ஆமை."

"எழுதச் சொல்லல."

"அப்ப நான் ஜெயிச்சதா வெச்சுக்கறதா, வேண்டாமா?"

"வெச்சுக்கோ. யார்கிட்டயும் காட்ட முடியாது, அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். காரில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, தொட்டி சும்மாத்தானே கிடக்கிறது, புதுசாக உருக்கி வைத்தால் என்ன என்று கேட்டார். எடுத்துப் பார்க்க நாம் இரண்டு பேரும் இருக்க மாட்டோமே என்றார் மேடம். அதனால் என்ன, சண்டை போட வேறு யாராவது கிடைப்பார்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்த மாதமே புதுத் துண்டுகள் தொட்டிக்குள் போயின. விசிறி மறுபடி ஓடியது. சுவரில் இருந்த தாளை மேடம் கிழிக்கவில்லை. மற்ற துண்டுகளுக்கெல்லாம் அது சரிதானே? அதன் கீழே ஒரு வரி மட்டும் எழுதினார்: "தொட்டியிலிருந்து வருவதற்கு இது பொருந்தாது." மெஷின் அறைக்குள் போன் வரலாம் என்றும் உத்தரவாயிற்று.

ஆனால் அதெல்லாம் பிறகு. கருத்தரங்கு முடிந்த அன்று நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேடத்தின் கணவர் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பரிமாறி முடிந்ததும் எப்போதும் தங்கையிடம்தான் கேட்பார். அவளிடம் கேட்டால்தான் அவருக்குச் சாப்பிடப் பிடிக்கும்.

"எப்படி இருக்கு?"

நாத்தனார் ஒரு வாய் சாப்பிட்டாள். அண்ணி பக்கம் ஒருமுறை பார்த்தாள். மேடம் தலை நிமிரவில்லை.

"உப்புக் கம்மி அண்ணா."

மாமியாரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"இன்னிக்கா?" என்றார் அண்ணன்.

"எப்பவுமே."

"அப்ப நேத்து?"

"நேத்தும் கம்மிதான்."

அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா கூரையைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தார், மனைவி தட்டைப் பார்த்தார். அவர் உள்ளே போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு, தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"ஆமா," என்றார்.

டப்பா முதலில் மாமியாரிடம் போனது. மேடம் கையை நீட்டிக் காத்திருந்தார்.